பெட்டியில் கிடக்கும் பழைய லேஸ் கையால் பின்னியதா? நூலைப் பார்த்தே சொல்லலாம்

கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவிலும் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவிலும் துணிக்கடைகளில் லேஸ் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. ரவிக்கைக் கையிலும் பாவாடை ஓரத்திலும் மேசை விரிப்பிலும் வைத்துத் தைக்க வாங்கிப் போகிறோம். அவற்றில் ஏறக்குறைய எல்லாமே இயந்திரத்தில் செய்யப்பட்டவை. இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வீட்டுப் பெட்டியில் பழைய லேஸ் துண்டு ஒன்று அகப்பட்டாலும் அதுவும் கடைச் சரக்காகவே தெரிகிறது. மஞ்சளேறிப் போயிருந்தால் குப்பைக்கூடைக்குப் போகிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு. இயந்திர லேஸைக் காட்டி, "கைவேலை, பழங்காலத்துப் பொருள்" என்று சொல்லி விலையேற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாதவரை அந்த வியாபாரம் நடக்கும்.

இரண்டு தவறுகளையும் தவிர்க்க வழி உண்டு. கையால் பின்னும் லேஸ் வகைகளில் முக்கியமானது 'பாபின் லேஸ்'. நூல் சுற்றிய சிறு குச்சிகளைக் கொண்டு, திண்டின் மேல் வைத்துப் பின்னுவதால் 'திண்டு லேஸ்' என்றும் சொல்லலாம். அது எப்படிப் பின்னப்படுகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால், பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியே போதும். நூல் போகும் பாதை பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும்.

இது வெள்ளைக்காரர் வீட்டுக் கலைதானே, நமக்கென்ன என்று கேட்கத் தோன்றலாம். ஆனால் இந்த லேஸைப் பின்னிப் பிழைத்தவர்களில் தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள்.

ரேந்தை, ரெண்டா: ஒரே சொல்

லேஸ் என்ற ஆங்கிலச் சொல் பரவுவதற்கு முன்பே தமிழில் இதற்கு 'ரேந்தை' என்ற சொல் இருந்தது. இலங்கைத் தமிழர் பேச்சில் இன்றும் அது உண்டு. மலாய் மொழியில் லேஸுக்கு 'ரெண்டா' என்று பெயர். சிங்களத்திலும் இதே சொல் சற்று உருமாறி வழங்குகிறது. மூன்றுக்கும் மூலம் போர்த்துகீசியச் சொல்லான 'ரெண்டா'. அலமாரி, சாவி, ஜன்னல் ஆகியவை தமிழுக்கு வந்ததும், அல்மாரி, ஜெண்டேலா ஆகியவை மலாய்க்கு வந்ததும் இதே வழியில்தான்.

சொல்லோடு கைத்தொழிலும் வந்தது. இலங்கையின் தென்கரையில், காலி, வெலிகம பகுதிகளில் 'பீரலு' என்ற பெயரில் பாபின் லேஸ் இன்றும் பின்னப்படுகிறது. நூற்குச்சியைக் குறிக்கும் 'பில்ரோ' என்ற போர்த்துகீசியச் சொல்லே பீரலு ஆனது. மலாக்காவில் பட்டு நூலால் பின்னிய திண்டு லேஸுக்கு 'பிக்கு' என்று பெயர். அதுவும் 'பிக்கோ' என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. கூர்முனை என்பது அதன் பொருள். போர்த்துகீசியர் 1511 முதல் 1641 வரை மலாக்காவை ஆண்டதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். கோட்டை வாசலைப் போலவே இந்தச் சொற்களும் அக்காலத்தின் எச்சங்கள்.

இந்தப் பின்னல் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலும் இன்றைய பெல்ஜியப் பகுதியிலும் வளர்ந்தது. 1561இல் சூரிச் நகரில் அச்சான ஒரு மாதிரிப் புத்தகம், வெனிஸ் வணிகர்கள் மூலம் 1536இல் இந்தக் கலை தங்கள் ஊருக்கு வந்ததாகக் கூறுகிறது. சுலோவேனியா நாட்டின் பாபின் லேஸ் கலையை 2018இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

நாகர்கோவிலும் இடையன்குடியும்

தமிழ்ப் பெண்கள் கைக்கு இந்தக் குச்சிகள் வந்து சேர்ந்தது வேறு வழியில். அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த நாகர்கோவிலுக்கு, இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்ல்ஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819இல் வந்தார்கள். மார்த்தா, பெண்களுக்கான விடுதிப் பள்ளியில் எழுத்தோடு லேஸ் பின்னலையும் கற்றுக்கொடுத்தார். பின்னிய லேஸ் ஐரோப்பியரிடம் விற்கப்பட்டது. வருமானம் பள்ளியின் செலவுக்கும் பின்னிய பெண்களின் கூலிக்கும் உதவியது.

அந்தக் கூலியின் மதிப்பை இன்றைய கணக்கில் பார்க்கக்கூடாது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855வரை சட்டப்படி இருந்தது. அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த பணத்தைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டதாக மிஷனரிப் பதிவுகள் தெரிவிக்கின்றன. அதே காலத்தில், அதே மண்ணில்தான் தோள்சீலைப் போராட்டமும் நடந்தது. மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் அடியும் அவமானமும் பட்டார்கள். அரசாணை 1859இல்தான் வந்தது. தங்கள் தோளை மூடிக்கொள்ளவே போராட வேண்டியிருந்த ஊரில், சீமைப் பெண்களின் சட்டைக் கழுத்துக்கு அழகு சேர்க்கும் லேஸைப் பின்னிக்கொண்டிருந்தார்கள் நம் பெண்கள்.

மார்த்தாவின் மகள் எலைசா 1844இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட அதே கால்டுவெல்தான். திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் கணவர் மொழியாராய்ச்சியும் திருப்பணியும் செய்துகொண்டிருக்க, எலைசா அவ்வூர்ப் பெண்களுக்குத் தம் தாய் வழியில் கற்ற லேஸ் பின்னலைச் சொல்லிக்கொடுத்தார். கால்டுவெல்லின் நூலை நாம் பெயர் சொல்லிப் போற்றுகிறோம். இடையன்குடிப் பெண்கள் பின்னிய லேஸில் எந்தப் பெயரும் இல்லை.

மலாயாவுக்கு வந்த தமிழர்களில் திருநெல்வேலி, நாகர்கோவில் வட்டாரத்தாரும் உண்டு. அந்த வழிவந்த குடும்பங்களில் ஞானஸ்நானச் சட்டை, தலையணை உறை, கைக்குட்டை என்று ஏதாவது பழையது இருந்தால், அதை ஒருமுறை நன்றாகப் பார்ப்பது நல்லது.

குறுக்கும் முறுக்கும்: இரண்டே அசைவுகள்

பாபின் லேஸ் பின்ன வேண்டியவை ஐந்து: வைக்கோல் போன்றதை இறுக்கி அடைத்த கெட்டியான திண்டு, மாதிரியைத் துளைகளாகக் குத்திய அட்டை, நிறையக் குண்டூசிகள், நூல், நூலைச் சுற்றிய குச்சிகள். இந்தக் குச்சிக்குத்தான் பாபின் என்று பெயர். தையல் இயந்திரத்தின் அடியில் போடும் பாபினிலிருந்து இது வேறு. விரலளவு நீளமுள்ள, மரத்திலோ எலும்பிலோ கடைந்த குச்சி இது. நூலை இழுத்துப் பிடிக்கும் எடையாகவும் இதுவே இருக்கும்.

குச்சிகள் எப்போதும் சோடி சோடியாக இருக்கும். எத்தனை சோடி தொங்கினாலும், ஒரு நேரத்தில் கையாள்வது இரண்டு சோடியை, அதாவது நான்கு குச்சிகளை மட்டுமே.

அந்த நான்கையும் வைத்துச் செய்யும் அசைவுகள் இரண்டே. நடுவில் இருக்கும் இரண்டு குச்சிகளில், இடப்பக்கத்ததை வலப்பக்கத்ததன் மேலாகத் தாண்டி வைப்பது 'குறுக்கு'. ஒவ்வொரு சோடியிலும் வலக் குச்சியை இடக் குச்சியின் மேலாகத் தாண்டி வைப்பது 'முறுக்கு'. இதற்கு மேல் அடிப்படை அசைவு எதுவும் இல்லை.

குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று போட்டால் நூல்கள் நெய்த துணிபோல ஒன்றின் மேலும் கீழுமாகப் படியும். இதைத் 'துணிப் பின்னல்' எனலாம். பூவும் இலையும் அடர்த்தியாகத் தெரிவது இதனால்தான். குறுக்கு, முறுக்கு என்பதோடு நிறுத்திவிட்டால் நூல்கள் சாய்வாக ஓடி, மூங்கில் தட்டிபோல இடைவெளி விடும். இது 'அரைப் பின்னல்'. இரண்டே சோடியை வைத்து அரைப் பின்னலைத் தொடர்ந்து போட்டால் நான்கு புரிச் சடை கிடைக்கும். இவற்றை மாற்றி மாற்றிச் சேர்ப்பதில்தான் எல்லா வடிவங்களும் பிறக்கின்றன.

ஒரு பின்னல் முடிந்ததும் அட்டையிலுள்ள துளையில் குண்டூசியைக் குத்துவார்கள். நூல் நழுவாமல் அது பிடித்துக்கொள்ளும். வேலை முன்னேறிய பிறகு பின்னாலுள்ள ஊசிகளைப் பிடுங்கினாலும் லேஸ் கலையாது. ஒவ்வொரு நூலும் பக்கத்து நூல்களோடு பின்னிக்கொண்டிருப்பதே காரணம். உள்ளே முடிச்சு கிடையாது. தலைமுடியைச் சடை போடும்போது முடிச்சு போடுகிறோமா? அதைப்போலத்தான்.

அசைவு எளிது, பொறுமைதான் கடினம். அகலமான, நுண்ணிய மாதிரிக்கு நூற்றுக்கணக்கான குச்சிகள் தேவைப்படும். நாள் முழுதும் குனிந்து உட்கார்ந்தாலும் சில சென்டிமீட்டர்தான் வளரும்.

கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டியவை

லேஸைக் கறுப்புத் துணிமேல் விரித்து, நல்ல வெளிச்சத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். முதல் கேள்வி, நூல் என்ன செய்கிறது என்பது.

ஒரு நூல் இன்னொன்றின் மேலும் கீழுமாகப் பாய்போலவோ சடைபோலவோ போனால் அது பாபின் லேஸாக இருக்கலாம். ஒரே நூல் வளையம் வளையமாகச் சங்கிலிபோல ஓடினால் அது குரோஷே, அதாவது கொக்கி ஊசிப் பின்னல். அதுவும் கைவேலைதான், ஆனால் பாபின் லேஸ் அல்ல. சட்டைப் பொத்தான் துளையைச் சுற்றித் தைப்பதுபோல நெருக்கமான ஊசிக் கண்ணிகள் தெரிந்தால் அது ஊசியால் செய்த லேஸ். இந்த மூன்றையும் பிரித்தறிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது இயந்திரம். இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் பாபின் லேஸின் வலையைப் பின்னும் இயந்திரத்துக்கு 1809இல் காப்புரிமை பெற்றார். 1813இல் நாட்டிங்ஹாமில் லீவர்ஸ் இயந்திரம் வந்தது. ஆகவே பழையது என்பதாலேயே ஒரு லேஸ் கையால் பின்னியது ஆகிவிடாது. இருநூறு ஆண்டுகளாகவே இயந்திர லேஸ் இருக்கிறது.

லீவர்ஸ் லேஸில் அடர்த்தியான பகுதியை உற்றுப் பார்த்தால் நீளவாக்கில் வரிவரியாக மேடு தெரியும். தடித்த நூல்களை மெல்லிய நூல்கள் சுற்றிப் பிடித்திருக்கும். கையால் பின்னிய துணிப் பின்னலில் அந்த வரிகள் இருக்காது. நல்ல பருத்தித் துணியைப் பார்ப்பதுபோல இரு திசையிலும் சமமாக இருக்கும். பூ வடிவங்களின் ஓரத்தில் கத்தரித்த நூல்முனைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் இயந்திரத்தின் அடையாளமே. பூவிலிருந்து பூவுக்குத் தாவிய நூலை ஆலையில் பிற்பாடு வெட்டியெடுத்த தடயம் அது.

இன்றைய கல்யாணப் புடவை ரவிக்கைகளில் அதிகம் வருவது இன்னொரு வகை. துணியின்மேல் இயந்திரத்தால் பூத்தையல் போட்டு, பிறகு அந்த அடித்துணியை மட்டும் இரசாயனத்தில் கரைத்துவிடுவார்கள். எஞ்சுவது லேஸ்போலத் தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் தையல் நூல் முன்னும் பின்னுமாகக் குவிந்து, ஓரம் பிசிறாக இருக்கும். தொடக்கம் முதல் முடிவுவரை ஒரு நூலைப் பின்தொடரவே முடியாது.

மிகவும் ஏமாற்றக்கூடியது பார்மென் இயந்திர லேஸ். ஜெர்மனியில் உருவான அந்த இயந்திரம் குச்சிகளைப்போலவே நூல்களைச் சுற்றிவந்து உண்மையாகவே சடை போடும். எளிய வடிவங்களில் கைவேலைக்கும் அதற்கும் வேறுபாடு காண்பது அனுபவசாலிகளுக்கே சிரமம். அங்கே உதவுவது 'இலை'. கைவேலையில் ஒரே நூலை மற்ற மூன்றின் ஊடே மேலும் கீழுமாக நெய்து, கோதுமை மணிபோன்ற சிறு வடிவத்தைச் செய்வார்கள். இழுக்கும் அழுத்தம் சற்றே தவறினாலும் அது சுருங்கிவிடும். கையால் செய்த இலை வடிவு குலையாமல் தனித்து நிற்கும். பார்மென் லேஸில் அது பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் கட்டியாகத் தெரியும்.

பிழையும் சாட்சி சொல்லும்

கையால் பின்னியது கோணல்மாணலாக இருக்கும், இயந்திரத்தில் செய்தது ஒரே சீராக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தேர்ந்த கையின் வேலை அசர வைக்கும் அளவுக்குச் சீராக இருக்கும். ஆகவே சீர்மையை வைத்து முடிவெடுக்கக்கூடாது.

பிழை எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மாதிரி திரும்பத் திரும்ப வரும்போது, அதே இடத்தில் அதே பிழை ஒவ்வொரு முறையும் வந்தால் அது இயந்திரத்தின் பிழை. கை அப்படித் தவறாது. ஓரிடத்தில் ஒரு முறுக்கு விட்டுப்போயிருக்கும், அடுத்த பூவில் அது சரியாக இருக்கும், நான்கு பூக்கள் தள்ளி வேறொரு தவறு இருக்கும். பின்னிய பெண்ணுக்குக் களைப்பு வந்த இடமோ, விளக்கு மங்கிய நேரமோ, குழந்தை அழுத பொழுதோ, யார் கண்டார்?

மூலையையும் பாருங்கள். கைக்குட்டை ஓரத்தில் லேஸ் மூலை திரும்பும்போது மாதிரியும் அறுபடாமல் திரும்பினால் அது கைவேலை என்பதற்கு வலுவான அறிகுறி. வெட்டி ஒட்டுப் போட்டிருந்தாலோ சுருக்கித் தைத்திருந்தாலோ உறுதியாகச் சொல்ல முடியாது. கைவேலை லேஸையும் சிலர் அப்படித் தைத்திருக்கிறார்கள்.

கடைசியாக நூல். பழைய பாபின் லேஸில் பெரும்பாலும் ஆளிநார் நூலும், 19ஆம் நூற்றாண்டிலிருந்து பருத்தி நூலும், சிலவற்றில் பட்டும் இருக்கும். நைலான், பாலியெஸ்டர் என்றால் அது பாட்டி காலத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. நூலைக் கொளுத்திப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் குடும்பப் பொருளில் செய்து பார்க்க வேண்டாம்.

ஓர் அடையாளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லவும் கூடாது. மூன்று நான்கு அடையாளங்கள் ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பலாம்.

நம் ஊரில் குழப்பும் இரண்டு

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதிகம் குழப்புவது நியோன்யா கெபாயாவின் ஓரம். 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் கெபாயா சேர்ந்த பிறகு பழைய கெபாயாக்களைத் தேடுவோர் பலர். அவற்றின் ஓரத்திலுள்ள துளைத்துளையான பூக்களைப் பார்த்து லேஸ் என்று சொல்லிவிடுகிறோம். அவை பெரும்பாலும் 'தெபோக் லுபாங்' எனப்படும் பூத்தையல். தையல் இயந்திரத்தில் துணியைக் கையால் நகர்த்தி நகர்த்திப் பூ வரைந்து, நடுத்துணியை வெட்டியெடுப்பது. மிகுந்த கைத்திறன் வேண்டிய வேலை, ஆனால் துணியிலிருந்து பிறந்தது. பாபின் லேஸ் துணியே இல்லாமல் வெறும் நூலிலிருந்து பிறப்பது. இதற்கும் முந்திய சில கெபாயாக்களில் ஐரோப்பாவிலிருந்து வந்த இயந்திர லேஸை வைத்துத் தைத்திருப்பார்கள். அவற்றுக்குப் பெயரே 'கெபாயா ரெண்டா'.

இரண்டாவது, நாடாவை வளைத்துச் செய்த மேசை விரிப்பு. ஆலையில் நெய்த நாடாவைப் பூ வடிவில் வளைத்து, இடைவெளிகளை ஊசியால் நிரப்பியிருப்பார்கள். நாடா துணிப் பின்னல்போலவே தெரிவதால் ஏமாற்றும். நாடா வளையும் இடத்தைப் பாருங்கள். உள்வளைவில் அது மடிந்தோ சுருங்கியோ இருந்தால் ஆலை நாடா. பாபின் லேஸில் வளைவும் குச்சியாலேயே பின்னப்படுவதால் மடிப்பே இல்லாமல் தட்டையாகத் திரும்பும்.

கிடைத்தால் என்ன செய்வது

பழைய லேஸை வெளுக்க குளோரின் கலந்த திரவங்களைப் பயன்படுத்தக்கூடாது. நூல் இற்றுப்போகும். பிழிவதும் தொங்கவிட்டுக் காயவைப்பதும் ஆகாது, ஈரத்தில் தன் எடையாலேயே கிழியும். தட்டையாக விரித்து நிழலில் காயவைக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுருட்டி, காற்றோட்டமான அலமாரியில் வைப்பது மேல். அந்துருண்டை நூலைத் தொடக்கூடாது. ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால் மடிப்பிலேயே அறுந்துவிடும்.

இன்னொரு வேலையும் உண்டு, அதற்குக் காசு செலவில்லை. லேஸ் எந்த முறையில் பின்னியது என்பதைத்தான் உருப்பெருக்கிக் கண்ணாடி சொல்லும். யார் பின்னியது, எந்த ஊரில், யாருடைய கல்யாணத்துக்கு என்பது வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டுமே தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் பெயரையும் ஊரையும் எழுதி லேஸோடு வைத்துவிடுங்கள். நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் பின்னியவர்களுக்கு அப்படி எழுதி வைக்க யாரும் இல்லாமல் போனார்கள்.